5.1 ரிசீவர்: அட்டைப்பெட்டியில் எதைப் படிப்பது, எதை விட்டுவிடுவது

கேட்கப்பட்டது இது: பதினொன்றுக்குப் பதினாறு அடியில் ஒரு ஹால், 55 அங்குல டிவி, சோபாவிலிருந்து டிவிக்குப் பத்தடி தூரம். ரிசீவர் (டிவியின் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், கீழ்ஸ்தாயிக்கான சப்வூஃபர் எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். ஒரு கடையில் 145 வாட்ஸ் ரிசீவரைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் 70 வாட்ஸ் கருவி ஹாலுக்குப் பத்தாது என்கிறார்கள். இன்னொரு கடையில், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் இல்லாத ரிசீவரை இப்போது வாங்குவதே வீண் என்கிறார்கள். வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்கள் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றையே இணைத்துச் சமாளிக்கலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஹாலுக்கு, டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஆர்க் வசதியும், அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் மைக்கும் உள்ள ஒரு எளிய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ரிசீவர் போதும். 70 வாட்ஸ் தாராளமாகப் பத்தும். மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ரிசீவருக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் காதில் விழும் வேறுபாட்டில் பெரும்பகுதி ஸ்பீக்கரிலிருந்தும் சப்வூஃபரிலிருந்தும் வருவது. பரண்மேல் இருப்பவை பெரும்பாலும் உதவாது.

வாட்ஸ் கணக்கைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கடையில் பேரம் நடப்பதே அந்த எண்ணை வைத்துத்தான். யமஹா ஆர்.எக்ஸ்-வி385 என்ற ஐந்து சேனல் (ஒரு சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிவழி) ரிசீவரின் விவரத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே கருவிக்கு மூன்று எண்கள் இருக்கின்றன. இரண்டு சேனல்களை ஒரே நேரத்தில் இயக்கி, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை முழு அலைவரிசையிலும், 0.09 சதவீத ஒலிச் சிதைவுக்குள் அளந்தால் 70 வாட்ஸ். ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுருதியில், 0.9 சதவீதச் சிதைவை அனுமதித்தால் 100 வாட்ஸ். அதே ஒற்றைச் சேனலில் சிதைவை 10 சதவீதம் வரை போகவிட்டால் 135 வாட்ஸ். மூன்றும் 6 ஓம்ஸ் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கான அளவுகள், மூன்றும் உண்மையானவை, ஆனால் பத்து சதவீதச் சிதைவில் வரும் சத்தத்தைக் காது கிழிசலாகத்தான் கேட்கும்.

இப்போது கடையில் காட்டிய 145 வாட்ஸ் கருவிக்கு வருவோம். நீங்கள் சொல்வது அநேகமாக சோனி எஸ்.டி.ஆர்-டி.எச்.590 ஆக இருக்க வேண்டும். அந்த 145 என்பது ஒற்றைச் சேனல், 1,000 ஹெர்ட்ஸ், 0.9 சதவீதச் சிதைவு என்ற நிபந்தனைகளில் வருவது. யமஹாவின் 70-ஐ அளந்த அதே முறையில், அதாவது இரண்டு சேனல், முழு அலைவரிசை, 0.09 சதவீதம் என்று அளந்தால் அது 90 வாட்ஸ். ஆக, ஒப்பிட வேண்டியது 90-ஐயும் 70-ஐயும். டெசிபல் கணக்கில் இந்த இடைவெளி ஒன்றைச் சற்றே தாண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எதுவென்று சொல்வது கடினம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் தேவை.

அந்த ஹாலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரணமான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபல் என்று கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் கேட்கும் என்பது அதன் பொருள். பத்தடி தள்ளி, நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் அது ஏறத்தாழ 82 ஆகக் குறையும். வீட்டில் வசனம் கேட்கும் அளவு 65 டெசிபலை ஒட்டியது, அதற்கு ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். சண்டைக் காட்சியில் ஒரு கணம் 100 டெசிபலைத் தொட வேண்டுமானால் ஸ்பீக்கருக்கு 63 வாட்ஸ் தேவைப்படும். திரையரங்க அளவுகோலின்படி ஒவ்வொரு சேனலிலும் உச்சம் 105 டெசிபல். அதற்கு 200 வாட்ஸ் வேண்டும், உங்கள் இரண்டு கருவிகளாலும் அது முடியாது, முடிந்தாலும் மேல்வீட்டுக்காரர் விடமாட்டார். இதைவிட முக்கியம், சக்தியை அதிகம் விழுங்கும் கீழ்ஸ்தாயியை தனக்கென்று ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் சப்வூஃபர் ஏற்றுக்கொள்கிறது. ரிசீவரின் பாரம் அதனால் பெருமளவு இறங்கிவிடும்.

அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று 1974-இலேயே அரசு விதி போட்டுவிட்டார்கள். நம் ஊரில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வாட்ஸ்) என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட்ஸை ஸ்டிக்கரில் ஒட்டி விற்ற காலத்தில் வளர்ந்தவன் நான். சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபையர் போர்டு வாங்கி, தகரப் பெட்டியில் பொருத்தி, கல்லூரி விடுதியில் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு 4440 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசியைத் தெரியாமல் இருக்காது. அந்த ஐசியின் உண்மையான திறன் சேனலுக்கு 6 வாட்ஸ், இரண்டு சேனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் முறையில் இணைத்தால் 19 வாட்ஸ். அதை வைத்துத்தான் தெருவையே அதிர வைத்தோம். வாட்ஸ் எண்ணுக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு நழுவலானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்படி உள்ளூரில் போர்டு பொருத்திச் செய்யும் அசெம்பிள் செட்டைப் பற்றியே கேட்பவர்களும் உண்டு என்பதால் ஒரு வார்த்தை. குறைந்த விலையில் கிடைக்கும் பல அசெம்பிள் 5.1 செட்டுகளில் இருப்பது புரோலாஜிக் போர்டு. இடது, வலது என்ற இரண்டு சேனல்களைக் கூட்டியும் கழித்தும் அது மற்றவற்றை உண்டாக்குகிறது. பாட்டுக்கு அது ஒரு மாதிரி நிறைவாக இருக்கும். ஆனால் படத்தில் பின்னால் ஒரு கதவு திறப்பதைத் தனிச் சேனலாகப் பதிவு செய்திருக்கிறார்கள், அதைப் பிரித்தெடுக்க டிஜிட்டல் டீகோடர் வேண்டும். வெறும் பாட்டுதான் நோக்கம் என்றால் நல்ல அசெம்பிள் ஸ்டீரியோவை நான் குறைசொல்ல மாட்டேன். படம்தான் நோக்கம் என்றால் ரிசீவரையே வாங்குங்கள்.

பரண்மேல் இருக்கும் ஸ்பீக்கர்களை இறக்கி, ஒன்றைத் திருப்பி, பின்புற ஸ்டிக்கரைப் படியுங்கள். டிவிடி பிளேயருடன் சேர்ந்து வந்த செட் என்றால் பெரும்பாலும் 3 ஓம்ஸ் அல்லது 4 ஓம்ஸ் என்று இருக்கும். தொடக்க விலை ரிசீவர்கள் 6 ஓம்ஸிலிருந்து 16 ஓம்ஸ் வரையிலான ஸ்பீக்கர்களுக்காகச் செய்யப்பட்டவை. 3 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் மின்னோட்டம் இரட்டிப்பாகி, கருவி சூடேறி, சத்தத்தைக் கூட்டும்போது புரொடெக்ட் என்று காட்டி அணைந்துவிடும். சில நாட்கள் ஓடலாம், அதை நம்பிவிடக் கூடாது. அந்தச் செட்டின் சப்வூஃபருக்குத் தனி மின்கம்பி இல்லையென்றால் அது தனக்கென்று ஆம்ப்ளிஃபையர் இல்லாத பேசிவ் வகை. ரிசீவரின் பின்புறத்தில் சப்வூஃபருக்கு இருப்பது வெறும் சிக்னல் தரும் துளைதான் என்பதால் அதை நேரடியாக இணைக்கவே முடியாது.

அடுத்து, டிவிக்கும் ரிசீவருக்கும் உள்ள இணைப்பு. வாங்கியபின் வரும் புகார்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஓடிடி செயலிகள் இப்போது டிவிக்குள்ளேயே இருப்பதால் ஒலி டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4-இல் சேர்க்கப்பட்ட ஆர்க் என்ற வழி இதைத்தான் செய்கிறது. ஓடிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலி இந்த வழியில் சிக்கலின்றிப் போகும், அட்மாஸ் விவரமும் அதற்குள்ளேயே பொதிந்து போய்விடும். 2017-இல் எச்.டி.எம்.ஐ. 2.1-உடன் வந்த இ-ஆர்க் என்பது புளூ-ரே தட்டுகளில் இருக்கும், சுருக்கினாலும் தரம் இழக்காத ஒலிக்குத் தேவைப்படுவது. ஓடிடி மட்டும் பார்ப்பவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆப்டிகல் கேபிள் பழைய டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் தாங்கும், எனவே அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிளை டிவியில் ஆர்க் என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். அருகில் இருக்கும் மற்றத் துளைகளில் செருகினால் படம் வரும், ஒலி திரும்பாது. அதன்பின் டிவியின் ஒலி அமைப்பில் பி.சி.எம். என்று இருப்பதை பாஸ்-த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்ற வேண்டும். பி.சி.எம். என்றே விட்டுவிட்டால் ஆர்க் வழியாக இரண்டு சேனல்தான் வரும். ரிசீவர் அந்த இரண்டையே பரப்பி ஐந்திலும் ஒலிக்கச் செய்யும், நீங்களும் சரவுண்ட் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என் நண்பர் ஒருவர் வீட்டில் ஒன்றரை ஆண்டுகள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரிசீவரின் முகப்பில் டால்பி டி பிளஸ் போன்ற எழுத்துகள் வருகின்றனவா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கில் படம் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாம்சங் 2018-இலிருந்து தன் டிவிகளில், டால்பியைப் போன்ற இன்னொரு ஒலி வடிவமான டி.டி.எஸ். ஆதரவை எடுத்துவிட்டது, எல்.ஜி.யும் 2020-இல் எடுத்து, 2023-இல்தான் சில மாடல்களில் மீண்டும் கொண்டுவந்தது. அத்தகைய டிவியில் டிஸ்க்கைச் செருகினால், டி.டி.எஸ். தடம் மட்டும் உள்ள கோப்பில் படம் ஓடும், ஒலி வராது, ரிசீவரில் டி.டி.எஸ். இருந்தும் பயனில்லை. ஒரு மீடியா பிளேயர் பெட்டியை வாங்கி நேரே ரிசீவரில் இணைப்பதுதான் தீர்வு. அப்படி 4கே படம் ரிசீவர் வழியாகப் போக வேண்டுமானால் அதன் எச்.டி.எம்.ஐ. துளைகள் எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டை ஏற்க வேண்டும். நொடிக்கு 120 சட்டகம் வேண்டும் என்கிற விளையாட்டுப் பிரியர்கள், கன்சோலை நேரே டிவியில் செருகி ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்புவது பணத்தை மிச்சப்படுத்தும்.

அட்மாஸ் பற்றிய அறிவுரைக்கு வருகிறேன். வீட்டுக்கான அட்மாஸ் 2014-இல் வந்தது. அதன் சிறப்பு தலைக்கு மேலிருந்து வரும் ஒலி. குறைந்தபட்சம் இரண்டு உயர ஸ்பீக்கர்கள் வேண்டும், அவற்றையும் இயக்க ஏழு சேனல் ரிசீவர் வேண்டும். நம் வீடுகளில் கூரை காங்கிரீட். ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் ஸ்பீக்கரைப் பதிக்க முடியாது. மேல்நோக்கி ஒலியை வீசிக் கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. ஆனால் ஹாலின் நட்டநடுவே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த ஒலி எந்த இறக்கையில் பட்டு எங்கே போகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அட்மாஸ் இல்லாத 5.1 ரிசீவருக்கு அட்மாஸ் ஒலி வந்தால் அது படத்தை நிறுத்திவிடாது, அடிப்படையான 5.1 ஒலியைப் பிரித்துக் கொடுக்கும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஏழு சேனலைப் பற்றி யோசியுங்கள்.

கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த வசதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அறைச் சீரமைப்பு மைக்கைச் சொல்வேன். யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ., டெனானின் பல மாடல்களில் ஆடிஸி, சோனியில் டி.சி.ஏ.சி. என்று பெயர்கள் வேறு, வேலை ஒன்று: ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளந்து சமன்செய்வது. டைல்ஸ் தரையும் பூச்சுச் சுவரும் கண்ணாடி ஜன்னலுமாக எதிரொலிக்கும் நம் ஹால்களில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். மிகக் குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் மைக் வருவதில்லை, ஆகவே பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். நான் முதல்முறை அளந்தபோது மைக்கைச் சோபாவின் முதுகில் வைத்தேன், ஃபேனையும் நிறுத்தவில்லை. பின்பக்க ஸ்பீக்கர்களின் சத்தம் தாறுமாறாக ஏறிப்போய், படம் முழுக்க யாரோ காதருகே நின்று பேசுவதுபோல் இருந்தது. மைக்கை ஒரு ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி, ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு, நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

அளந்து முடித்ததும் அமைப்புக்குள் போய் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பெயரைப் பார்த்து இது ஸ்பீக்கருக்கு இழுக்கு என்று எண்ண வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் ஒப்படை என்பதுதான் அதன் பொருள். சப்வூஃபரின் தூரம் மட்டும் டேப் வைத்து அளந்ததைவிட அதிகமாகக் காட்டும். அது பிழையில்லை, அதன் உள்ளே இருக்கும் மின்னணுத் தாமதத்தையும் சேர்த்து அளந்திருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள். சரவுண்ட் ஸ்பீக்கர்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டியதில்லை, பக்கவாட்டில் காதுக்குச் சற்றே பின்தள்ளி, காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சுவரில் மாட்டினால் போதும். சோபா பின்சுவரை ஒட்டியிருக்கும் ஹாலுக்கும் அது பொருந்தி வரும்.

சூடும் மின்சாரமும் நம் ஊரின் தனிக் கவலைகள். ரிசீவரின் மேல்மூடியில் உள்ள துளைகளுக்கு மேலே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் அடைத்து வைத்தால், சித்திரை மாதத்தில் அறையே முப்பத்தெட்டு டிகிரியில் கொதிக்கும்போது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் சுருங்கிவிடும். துளை பெரிதாக இருந்தால் பல்லி புகும். மின்பலகையில் குறுக்கே விழுந்து தானும் செத்து கருவியையும் சாகடித்த பல்லியை நான் ஒரு மெக்கானிக்கின் மேசையில் பார்த்திருக்கிறேன். அதன்பின் மெல்லிய நைலான் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, காற்று தடைபடாமல் சற்று உயர்த்தி மேலே வைத்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் மலிவாக வாங்கிவரச் சொல்லும் வழக்கம் உண்டு; அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும், இங்கே வாரண்டியும் செல்லாது. சிங்கப்பூரிலிருந்து வருவதானால் வோல்ட் சிக்கல் இல்லை, வாரண்டிச் சிக்கல் மட்டுமே.

பழைய ரிசீவர் வாங்குவதை நான் முற்றாகத் தடுக்க மாட்டேன். நேரில் போய், எல்லா எச்.டி.எம்.ஐ. துளைகளிலும் படம் வருகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் முதலில் போவது பெரும்பாலும் அந்தப் போர்டுதான். மாற்றுப் போர்டு கிடைப்பது அரிது. பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடேறியபின்னும் ஒவ்வொரு சேனலும் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஆன் செய்ததும் உள்ளே ஒரு முறை 'டிக்' என்று ரிலே சத்தம் வருவது இயல்பு. மீண்டும் மீண்டும் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் 80,000-ஐ நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: ரிசீவருக்கு 30,000-ஐ ஒட்டி, சப்வூஃபருக்கு 15,000 முதல் 18,000 வரை, முன்பக்க இரண்டுக்கும் சென்டருக்கும் சேர்த்து 22,000, பின்பக்க இரண்டுக்கு 8,000, மீதி வயருக்கும் ஸ்டாண்டுக்கும். சென்டர் ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம், வசனம் ஏறக்குறைய முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. முன்பக்க மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருந்தால் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது நிறம் மாறாது. ரிசீவரில் மேலே சொன்ன யமஹா, சோனி இரண்டில் எது அன்றைக்குக் குறைந்த விலையில், உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டருடன் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டும் 2018-இல் வந்த மாடல்கள், இரண்டிலும் ஆர்க்கும் மைக்கும் உண்டு. விலை சமமாக இருந்தால் எனக்கு யமஹாவின் பக்கம் சாய்வு, காரணம் பழக்கம்தான்.

வயரில் ஏமாறாதீர்கள், ஆனால் அதற்காக அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பத்து மீட்டர் தூரத்துக்குப் போக வர மொத்த மின்தடை 0.23 ஓம், 6 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. வெள்ளையடிக்கும் வேலையோ டைல்ஸ் வேலையோ பாக்கியிருந்தால் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு இப்போதே சுவருக்குள் பைப் போட்டுவிடுங்கள். கடையில் ஸ்பீக்கர் வயர் என்று மலிவாகத் தருவதில் செம்பு முலாம் பூசிய அலுமினியமும் கலந்திருக்கிறது. மின்தடை ஒன்றரை மடங்கை ஒட்டி வரும், முறுக்கினால் சீக்கிரம் முறியும். சுருளை வெட்டச் சொல்லும் முன் ஓரத்தில் ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு காட்டச் சொல்லுங்கள்.